இடப்பக்கத்துப் பதக்கம்

சிஸ்டருக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. புண்ணை நனைத்துக்கொண்டு வந்தவர், கட்டை வீட்டிலேயே அவிழ்த்து எட்டிப் பார்த்தவர், அவள் கை வைப்பதற்கு முன்பே முனக ஆரம்பிக்கிறவர், எல்லோரும் அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டுதான் வீடு போய்ச் சேருவார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னத் தனியார் மருத்துவமனையில் கட்டுப் போடும் அறை அவளுடைய ராஜ்ஜியம். ஒரு நீள மேசை, உயரம் கூட்டிக் குறைக்கிற ஸ்டூல் ஒன்று, மூடி போட்ட எவர்சில்வர் டப்பாக்கள், கதவில் 'செருப்பை வெளியே விடவும்' என்று அவளே எழுதி ஒட்டிய தாள். டாக்டரே செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். அறுபத்திரண்டு வயதிலும் அவள் போட்ட கட்டு தானாக அவிழ்ந்து யாரும் பார்த்ததில்லை. அதனால் திட்டு வாங்கிக்கொள்ளவும் கூட்டம் வந்தது.

ஒன்பது வருஷம் அவள் ராணுவத்தில் நர்ஸாக இருந்தவள் என்பது தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவளுடைய கணவர் ராணுவத்தில் இருந்தவர் என்பது தெரியாத ஆளே கிடையாது. தெரியாமல் இருக்க அவர் விட்டால்தானே.

தெருவில் அவருக்கு மெடல்காரர் என்று பேர். ராணுவத்தில் லாரி ஓட்டியவர். வெளியே வந்த பிறகும் தண்ணீர் லாரிதான் ஓட்டினார். மூன்று பதக்கங்களை நாடாவோடு ஒரு பித்தளைக் கம்பியில் வரிசையாகத் தைத்து, அதைச் சட்டையின் இடப்பக்கம் குத்திக்கொள்ளாமல் வாசலைத் தாண்ட மாட்டார். வங்கிக்குப் போனாலும், முடி வெட்டிக்கொள்ளப் போனாலும், மகனுடைய பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடப் போனாலும் மூன்றும் கிணுகிணுத்துக்கொண்டே கூடப் போகும். அரைக்கைச் சட்டையின் மெல்லிசுத் துணி அந்தக் கனத்தைத் தாங்குமா? நாலு மாதத்தில் ஊசி குத்திய இடம் கிழிந்து தொங்கும். தைப்பது யார்? சிஸ்டர்தான். அவருடைய சட்டை ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கம் உள்ளே ஒட்டுத்துணி வைத்துத் தைத்திருந்தாள், ஒவ்வொரு தையலுக்கும் ஒரு திட்டோடு.

பதக்கம் யூனிஃபார்முக்குக் கொடுத்தது என்பது அவள் கட்சி. யூனிஃபார்மைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் பதக்கமும் பெட்டிக்குப் போக வேண்டியதுதான். வருஷத்தில் ஒரு நாள், செத்தவர்களை நினைத்து எல்லோரும் கூடுகிற இடத்தில், ஒழுங்காக ஒரு கோட்டைப் போட்டு அதில் குத்திக்கொண்டால் அது வேறு விஷயம். காய்கறிக் கடையில் அதற்கு என்ன வேலை? கத்தரிக்காய்க்காரன் பயந்துபோய் இரண்டு காய் கூடப் போடுவான், அவ்வளவுதானே?

"பஸ்ல உங்களைப் பார்த்து ஒருத்தன் எழுந்திரிக்கிறான் பாருங்க, அவன் மரியாதைக்கு எழுந்திரிக்கல. சங்கடத்துல எழுந்திரிக்கிறான்" என்பாள்.

அவர் அசர மாட்டார். "யூனிஃபார்மைத்தான் வாங்கிக்கிட்டாங்க. இதையும் கழட்டி வெச்சுட்டா நான் யாருன்னு யாருக்குத் தெரியும்? வெறும் லாரி டிரைவர்."

"லாரி டிரைவர்னா என்ன கேவலம்?"

"உனக்குப் புரியாது. உன் கையில ஒரு தொழில் இருக்கு. நாலு பேர் உன்னைத் தேடிக்கிட்டு வர்றாங்க."

அந்தப் பதில் வந்தால் மட்டும் அவள் ஊசியில் நூலைக் கோக்கப் போய்விடுவாள். மறுநாள் அடுத்த சட்டை கிழியும், மறுபடி ஆரம்பிப்பாள்.

எல்லைப் போர் நடந்தபோது இருவருமே அந்தப் பக்கம் இருந்தவர்கள். ஆனால் அப்போது ஒருவரை ஒருவர் தெரியாது. அவள் கூடார மருத்துவமனையில் பதினோரு மாதம் இருந்தாள். அவர் லாரிப் பிரிவு. இருவரும் வெளியே வந்த பிறகுதான் கல்யாணம். அப்போது அவரிடம் இருந்தது இரண்டு பதக்கம்தான். எல்லைப் போருக்கான பதக்கம் அவளுக்கு வந்திருந்தது, அவருக்கு வரவில்லை. மேலிடத்தில் காகிதத்தைத் தொலைத்துவிட்டார்கள், எழுதிப் போட்டிருக்கிறேன் என்பார். எழுதிப் போட்டார், எழுதிப் போட்டார், மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம் ஒரு நாள் அதுவும் மார்பில் ஏறிவிட்டது. தபாலில் வந்தது என்றார். அவளுக்கு நிஜமாகவே சந்தோஷம். கோணலாகத் தொங்கியதை அவளே தன் கையால் நேராக்கி விட்டாள்.

அவளுடைய பதக்கம் ஒன்றே ஒன்று. இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய சான்றிதழ்களுக்கு அடியில், ஒரு நீலப் பெட்டியில் கிடந்தது. வைத்ததோடு சரி, வெளியே எடுத்ததே இல்லை. எடுத்தால் தானும் இந்த மனுஷனைப் போல் ஆகிவிடுவோமோ என்று ஒரு வீம்பு.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அவர் தபால் அலுவலக வரிசையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அவசரப் பிரிவில் சட்டையைக் கத்தரித்து எடுத்தார்கள். கண்ணாடி, வாட்ச், பதக்கக் கம்பி மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அவள் கையில் கொடுத்தார்கள். மகன் அந்தக் கம்பிக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, முன்னறையில் அப்பா படத்துக்குக் கீழே மாட்டினான். அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். அப்பா இருந்தபோது அவரோடு வெளியே போகக் கூச்சப்பட்டுத் தெருவின் எதிர்ப்பக்கம் நடந்தவன், அவர் போன பிறகு அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தான்.

ஊரில் முன்னாள் ராணுவத்தினர் சங்கம் ஒன்று உண்டு. போர் முடிந்த நாளன்று காலையில் பள்ளி மைதானத்தில் கூடுவார்கள். ராணுவத்தில் இருந்தவர்கள் மூன்று வரிசையாக நிற்பார்கள். இறந்துபோனவர்களின் குடும்பத்தார் பக்கத்தில் நாற்காலிகளில் உட்காருவார்கள். கணவர் இருந்தவரை சிஸ்டர் அங்கே போனதில்லை. அன்றைக்கென்று டியூட்டி கேட்டு வாங்கிக்கொள்வாள். அவர் பக்கத்தில் நிற்பதற்கு நாலு சீழ்க்கட்டியைக் கீறலாம் என்பாள். அவர் போன பிறகு, போன வருஷம், முதல் தடவையாகப் போனாள். கூடார மருத்துவமனையில் அவள் கையில் செத்தவர்கள் பதினேழு பேர். அவர்களுக்காக ஒரு தடவையாவது நிற்காமல் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. நேராகப் போய் மூன்றாவது வரிசையின் ஓரத்தில் நின்றாள்.

சங்கச் செயலாளர் ஓடி வந்தார். ராணுவ பேண்டில் பெரிய டிரம் அடித்தவர் அவர். இருபது வருஷம் தோல் கிழிய அடித்ததில், கத்திச் சொன்னால்தான் சொன்னதாகவே அவருக்குத் தோன்றும். மெடல்காரர் அவருக்குக் கூடப் பிறக்காத அண்ணன். அவள் முழங்கையைப் பிடித்து, அண்ணி வெயிலில் நிற்கக் கூடாது, நாற்காலி போட்டிருக்கிறது என்று மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். நானும் சர்வீஸில் இருந்தவள் என்றாள் அவள். மேலும் கீழும் பார்த்துவிட்டு, மெடல் எங்கே என்று கேட்டார். வீட்டில் இருக்கிறது என்றாள்.

"எல்லாரும் சாதா டிரெஸ்லதானே வர்றோம் அண்ணி. மெடலும் இல்லன்னா யாரு பட்டாளம், யாரு பக்கத்து வீடுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார். கையில் ஸ்ட்ரா போட்ட ஒரு ஜூஸ் பாட்டிலையும் திணித்துவிட்டுப் போனார். மற்றவர்கள் பெருமூச்சு விட்டுக்கொண்டு இருந்த அந்த ஒரு மணி நேரமும், சிஸ்டருக்கு அந்த ஜூஸை அவர் தலையில் கவிழ்க்கிற யோசனைதான் ஓடிக்கொண்டிருந்தது. கவிழ்க்காமல் வந்ததில் இன்று வரை அவளுக்கு வருத்தம் உண்டு.

இந்த வருஷம் விதி இன்னும் இறுகியது. போன கூட்டத்தில் இரண்டாவது வரிசையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்ற ஒருவர் வாழ்நாளில் செருப்புக்கடையைத் தவிர வேறெங்கும் வேலை பார்த்ததில்லை என்றும், மெடல்களைப் பழைய சாமான் கடையில் வாங்கினார் என்றும் பிறகு தெரிந்ததில் சங்கத்துக்கு மானம் போயிருந்தது. அதனால் மைதானத்து வாசலில் மேசை போட்டு, ஒவ்வொரு பதக்கத்தின் விளிம்பிலும் வெட்டியிருக்கும் படை எண்ணை அவரவர் சர்வீஸ் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கப் போகிறார்கள். இடப்பக்கம் குத்திய பதக்கம் அவரவர் சொந்தம். அப்பா, கணவர் யாராவது இறந்திருந்தால் அவருடைய பதக்கத்தை வீட்டார் வலப்பக்கம் குத்திக்கொள்ளலாம். பட்டாளத்து வழக்கம் அது. வலப்பக்கத்தைச் சோதிக்கப் போவதில்லை.

கால் கட்டைவிரலில் நகம் பெயர்ந்து மருத்துவமனைக்கு வந்தபோது செயலாளரே இதையெல்லாம் சொன்னார். இந்தத் தடவை வரிசையில்தான் நிற்பேன் என்று அவள் மருந்து வைத்துக்கொண்டே சொன்னாள். அவர் சிரித்தார்.

"கட்டுப் போட்டவங்களும் சண்டை போட்டவங்களும் ஒண்ணாயிடுமா அண்ணி?"

"டிரம் அடிச்சவங்க ஆகலாம்னா நாங்களும் ஆகலாம்."

விளிம்பில் எண் இருந்து புத்தகத்தில் அதே எண் இருந்தால் நின்றுகொள்ளுங்கள், தடுக்க நான் யார் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பழைய பிளாஸ்திரியைப் பிய்ப்பதில் இரண்டு விதம் உண்டு. அன்று அவள் வலிக்கிற விதத்தில் பிய்த்தாள்.

அன்று மாலையே நீலப் பெட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பதக்கம் தைக்கிற கடைக்குப் போனாள். மாடிப்படிக்கு அடியில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்குத்தான் கடை. சுவர் முழுக்கக் கோடு கோடாக நாடாச் சுருள்கள், கண்ணாடிக்கு அடியில் பித்தளைக் கம்பிகள். கடைக்காரர் பதக்கத்தை வாங்கி, மங்கிப்போன நாடாவை மாற்றிவிடலாம் என்றபடியே விளிம்பைப் பார்த்தார். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு மறுபடி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"சிஸ்டர், இது எங்க கடைச் சரக்கு."

அவளுக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். நிஜப் பதக்கத்தைப் பத்திரமாக வைத்துவிட்டு, தினப்படிக்குப் போட்டுக்கொள்ள நகல் வாங்குகிறவர்கள் உண்டு. அவர் அப்பா காலத்திலிருந்தே செய்து விற்கிறார்கள். நிஜத்தோடு கலந்துவிடாமல் இருக்க வளையத்துக்குப் பின்னால் ஒரு புள்ளி குத்துவார்கள். இதோ அந்தப் புள்ளி. விளிம்பில் எண் வெட்ட மாட்டார்கள். இதோ வெறும் விளிம்பு. கர்னல் கையால் வாங்கியது இது, நான் என்ன காது குத்தவா வந்திருக்கிறேன் என்று அவள் சண்டைக்குப் போனாள். அவர் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நிஜம் எங்கயோ மாறிப் போயிருக்கும். விடுங்க. உங்க எண்ணைச் சொல்லுங்க, இதுல வெட்டித் தர்றேன். ஒரு மணி நேர வேலை. நீங்க அங்க இருந்தது நிஜம்தானே? யாருக்கும் தெரியப்போறதில்ல."

பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் யாரிடம் மாறியிருக்கும் என்று யோசித்தாள். வீடு மாறியபோதா? வேலைக்காரியா? மகன் சின்ன வயதில் விளையாட எடுத்தானா? வீட்டுக்குள் நுழைந்து, எதிரே சுவரில் தொங்கிய சட்டத்தைப் பார்த்ததும் யோசனை நின்றுவிட்டது.

சட்டத்தை இறக்கி, பின்பக்கத்து ஆணிகளை நெம்பிக் கம்பியை எடுத்தாள். மூன்றாவது பதக்கத்தின் தையல் மட்டும் கடைத் தையல் இல்லை. கோணி தைக்கிற மாதிரி தடித்த நூலில் அவரே தைத்தது. விளிம்பைத் துடைத்தாள். லென்ஸ் தேவைப்படவில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவள் சொல்கிற எண் அது. அவளுடைய எண்.

பிறகு அவருடைய சர்வீஸ் புத்தகத்தைத் தேடி எடுத்தாள். முப்பத்திரண்டு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியும் அவள் அதைத் திறந்ததில்லை. எல்லைப் பகுதியில் பத்தொன்பது நாள். லாரியிலிருந்து இறங்கும்போது விழுந்து வலது கணுக்கால் முறிவு, திருப்பி அனுப்பப்பட்டார். அந்தப் பதக்கத்துக்கு முப்பது நாளாவது அங்கே இருந்திருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். காகிதம் எதுவும் தொலையவில்லை. தபாலில் எதுவும் வரவில்லை.

சிஸ்டர் அழவில்லை. அழுகிற ஜாதி இல்லை அவள். இந்த மனுஷன் அவளுடைய பதினோரு மாதத்தை முடி வெட்டுகிற கடைக்குப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். அதன் கனத்துக்குச் சட்டை கிழியாமல் இருக்க அவளையே ஒட்டுத்துணி தைக்க வைத்திருக்கிறார். கோணலாகத் தொங்கியதை அவள் நேராக்கியபோது அசையாமல் நின்று காட்டியிருக்கிறார். போதாததற்கு, கடைக்குப் போய் நகல் வாங்கி வந்து பெட்டியில் வைத்து, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறார். இவள் திறக்கவே மாட்டாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதுதான் அவளை எல்லாவற்றையும் விட அதிகமாகச் சுட்டது. அவளுடைய வீம்பை நம்பித்தான் அவர் திருடினார்.

செத்துப்போனவரோடு சண்டை போட முடியாது என்பது அன்றுதான் அவளுக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது.

மகன் வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது சட்டம் மேசைமேல் பிரிந்து கிடந்தது. அவன் கையில் தையல் கடைப் பை. மைதானத்துக்குப் போட்டுக்கொண்டு போகக் கோட்டு தைத்து வாங்கி வந்திருந்தான், அப்பாவின் மூன்று பதக்கத்தையும் வலப்பக்கம் குத்திக்கொள்ள. அவள் புத்தகத்தை அவன் பக்கம் தள்ளினாள். பதக்கத்தையும் தள்ளினாள். அவன் படித்தான். இரண்டு தடவை படித்தான். எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

நாளை மறுநாள் கூட்டம். அவளுடைய பதக்கத்தை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அவன் குத்திக்கொள்ளட்டும் என்றாள். அதெப்படி முடியும் என்றான் அவன். படத்தில் மூன்று இருக்கிறது. சங்கத்தில் மூன்று பார்த்துப் பழகியவர்கள். ஒன்று எங்கே என்று முதலில் கேட்கிறவர் செயலாளராகத்தான் இருப்பார். கடைக்காரர் சொன்னதை அவள் வாய் தவறிச் சொல்லியிருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டான். நகலில் எண்ணை வெட்டிவிட்டால் அம்மாவும் வரிசையில் நிற்கலாம், அப்பா பேரும் கெடாது.

"நாலு பேர் முன்னாடி அப்பாவை அசிங்கப்படுத்தாதேம்மா. அவரே இல்ல இப்போ."

"என் பதினோரு மாசத்துக்கு நான் டூப்ளிகேட் போட்டுக்கணும். அவரோட பத்தொன்பது நாளைக்கு நிஜம் போட்டுக்கணும். அப்படித்தானே?"

"இல்லன்னா போன வருஷம் மாதிரி உட்கார்ந்துடேன். ஒரு மணி நேரம் நாற்காலியில உட்கார்ந்தா உனக்கு என்னம்மா குறைஞ்சு போயிடும்?"

அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் கம்பியை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்விட்டான். அவள் பிடுங்கவில்லை. பெற்றவள் பிள்ளை கையிலிருந்து பிடுங்குவதாவது.

மறுநாள் இருவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. மதியம் அவள் நீலப் பெட்டியோடு அந்த மாடிப்படிக் கடைக்கு எதிர்ச் சாரி வரை போனாள். பொய் சொல்வானேன், நன்றாகத் தடுமாறித்தான் போனாள். ஒரு மணி நேர வேலை. பிள்ளையோடு மனஸ்தாபம் இல்லை, ஊர் வாய்க்கு வேலை இல்லை. கடைக்காரர் யாருக்கோ நாடாவை அளந்து வெட்டிக்கொண்டிருந்தார். செயலாளர் ஏமாந்துபோவதில் சிஸ்டருக்கு ஆட்சேபணையே கிடையாது. அந்தப் பதினேழு பேருக்காக நிற்கப் போய், மார்பில் ஒரு பொய்யைக் குத்திக்கொண்டு நிற்பதா? அப்படி நின்றால் வீட்டில் ஏற்கெனவே ஒருவர் செய்ததைத்தான் தானும் செய்கிறோம். திரும்பி வந்துவிட்டாள்.

கூட்டத்தன்று காலையில் சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தன் சர்வீஸ் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினாள். கோட்டில் ஒன்றும் குத்தியிருக்கவில்லை. மகன் அதைப் பார்த்துவிட்டு, அம்மா நாற்காலிக்கு ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தான். அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. புதுக் கோட்டின் வலப்பக்கம் மூன்றும் பளபளத்தன, இரவெல்லாம் தேய்த்திருக்கிறான்.

வாசலில் மேசைக்கு முன்னால் முன்னாள் ராணுவத்தினர் வரிசை. குடும்பத்தாருக்குப் பக்கத்தில் தனி வழி. மகன் அந்த வழியில் திரும்ப, அவள் நேராகப் போய் வரிசையில் நின்றாள். முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அவள் முறை வந்ததும் செயலாளர் நிமிர்ந்து பார்த்துச் சலித்துக்கொண்டார். நாற்காலி அந்தப் பக்கம் என்று கை காட்டினார். அவள் புத்தகத்தை மேசைமேல் விரித்து வைத்தாள்.

"இதுல எண் இருக்கு. பார்த்துக்குங்க."

"மெடல்?"

"என் மகன் கோட்டுல இருக்கு. மூணாவது."

அது அண்ணனுடையதாயிற்றே என்று அவர் சிரித்தார். விளிம்பைப் பாருங்கள் என்றாள். வலப்பக்கம் சோதிப்பதில்லை என்றார். பார்க்காமல் நான் இந்த இடத்தை விட்டு நகரப் போவதில்லை என்று அவள் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். யாரோ என்ன தாமதம் என்று கேட்டார்கள். செயலாளர் வேறு வழியில்லாமல் மகனைக் கூப்பிட்டார்.

மகன் வந்தான். அவனுடைய கை பதக்கங்களை மூடிக்கொண்டிருந்தது. சிஸ்டர் கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. அவன் அம்மாவைப் பார்த்தான். அந்தக் கை மெதுவாக இறங்கியது.

செயலாளர் லென்ஸை வைத்து எண்ணைப் படித்தார். முதல் நாலு இலக்கத்தையும் டிரம் குரலில் படித்தார். புத்தகத்தைப் பார்த்தார். மீதியைத் தனக்குள்ளே படித்துக்கொண்டார்.

"அப்ப அண்ணன்..."

"பத்தொன்பது நாள் இருந்தார். விழுந்து கணுக்கால் உடைஞ்சு திரும்பினார். அதுல அசிங்கம் ஒண்ணும் இல்ல. என்னோடதை எடுத்துப் போட்டுக்கிட்டார் பாருங்க, அதுதான் அசிங்கம்."

பின்னாலிருந்து யாரோ உச்சுக்கொட்டினார்கள். செத்த மனுஷனைப் போய் இப்படியா, வீட்டோடு வைத்துக்கொள்ளக் கூடாதா என்று ஒரு குரல் வந்தது. அவள் திரும்பவில்லை. செயலாளரின் முகம் சிவந்துபோயிருந்தது. அவருக்குத் தன் அண்ணன் செத்தது இரண்டு வருஷத்துக்கு முன்பு இல்லை, இப்போதுதான்.

"இத்தனை பேர் முன்னாடி சொல்லணுமா அண்ணி இதை?"

"இத்தனை பேர் முன்னாடிதானே என்னை நாற்காலியில உட்கார வெச்சீங்க?"

அவர் பேனாவை எடுத்து வரிசைப் பட்டியலில் அவள் பேரை எழுதினார். மகன் கம்பியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். கொடுத்த விதம் வீசிய மாதிரிதான் இருந்தது. கட்டு வெட்டுகிற கத்தரிக்கோல் அவள் பையில் எப்போதும் கிடக்கும். அந்தத் தடித்த நூலை நாலு வெட்டில் வெட்டித் தன்னுடையதைப் பிரித்து எடுத்தாள். மற்ற இரண்டையும் கம்பியோடு அவனிடம் நீட்டினாள்.

"இது ரெண்டும் அவர் சம்பாதிச்சது. யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. குத்திக்கோ."

அவன் குத்திக்கொள்ளவில்லை. கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. அழுகையா ஆத்திரமா என்று சொல்ல முடியாது, இரண்டும்தான்.

"இனிமே அப்பா பேரைச் சொல்லிக்கிட்டு இந்த மைதானத்துக்கு நான் எப்படிம்மா வருவேன்?"

அவள் பதக்கத்தைக் கோட்டின் இடப்பக்கம் வைத்து, கட்டுக்குப் போடுகிற ஊக்கு ஒன்றைக் குத்திக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"அம்மா பேரைச் சொல்லிட்டு வா."

அவன் வேன் நின்ற பக்கம் நடந்தான். வேன் கிளம்பிப் போகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. அவள் மைதானத்துக்குள் போய் மூன்றாவது வரிசையின் ஓரத்தில் நின்றாள். இந்தத் தடவை அவளுடைய முழங்கையைப் பிடிக்க யாரும் வரவில்லை.